செங்கலடி வரை ஒரே வீதிதான்

மூன்றாம் தவணை நெருங்கினால் தோட்டப் பாடசாலைகளில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். கதிர்காமம், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, அநுராதபுரம், காலிமுகத்திடல். பஸ்ஸுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று வகுப்பில் கணக்கு எழுதப்படும். காசு கட்டிய பிள்ளை போகும். கட்ட முடியாத பிள்ளை அன்றைக்கு லயத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். போன பிள்ளை யானையையும் கடலையும் பார்த்துவிட்டு வரும். இதில் குறை சொல்ல எதுவுமில்லை, யானையும் கடலும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் ‘கல்விச் சுற்றுலா’ என்று பெயர் வைத்துவிட்டு, இந்தப் படிப்புக்கு அடுத்த படிப்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நாம் காட்டுவதில்லை.

இது பாடசாலை விடயம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் நேராகவே கேட்டார்கள். சம்பளப் பேச்சுவார்த்தையில் நாம் கேட்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் தாய் தகப்பன் சொல்லும் முதல் காரணம் பிள்ளைகளின் படிப்பு. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக 2021 வரை வருடக்கணக்கில் கத்தினோம். அப்போது பதாகை பிடித்து நின்ற பெண்களும் அதைத்தான் சொன்னார்கள். கிடைத்த காசு கொப்பியாகவும் சப்பாத்தாகவும் டியூஷனாகவும் மாறுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எங்கே போகிறது என்பதைச் சங்கம் பார்க்கவேண்டாமா?

எங்கே போகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சட்டப்படி 16 வயது வரை பாடசாலையில் இருக்கவேண்டும். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு, சில வேளை எழுதாமலே, கொழும்புக்குப் போகிறார்கள். புறக்கோட்டையில் துணிக்கடை, சாப்பாட்டுக்கடை, ஆடைத் தொழிற்சாலை. பெண்பிள்ளை என்றால் யாரோ ஒருவர் வீட்டு அடுப்படி. தீபாவளிக்கு ஊருக்கு வரும் அண்ணன் கையில் புது போன் இருக்கும், காலில் புதுச் சப்பாத்து இருக்கும். அவன் திரும்பிப் போகும்போது பக்கத்து லயத்துப் பையன்கள் இரண்டு பேர் கூடவே பஸ் ஏறுவார்கள். நம் தோட்டங்களில் ‘தொழில் வழிகாட்டல்’ என்பது இன்றைக்கு அந்த அண்ணன்தான். அவனைக் குறை சொல்லவில்லை. தான் பார்த்த இடத்தைத் தம்பிக்கும் காட்டுகிறான். வேறு இடத்தைக் காட்டுவதற்கு வேறு யாரும் வருவதில்லை.

தரம் 8 பிள்ளைகளிடம் என்னவாக வரப் போகிறீர்கள் என்று கேட்டால் மூன்று பதில் வரும்: டீச்சர், பொலிஸ், டொக்டர். கண்ணால் கண்ட தொழில் அவ்வளவுதான். தோட்டத்துக்குள் கொழுந்து எடுப்பவர், கங்காணி, கணக்குப்பிள்ளை, டீமேக்கர், டிரைவர், துரை என்று ஒரு ஏணி இருக்கிறது. அதற்கு வெளியே உள்ளதெல்லாம் தொலைக்காட்சிதான். ஆய்வுகூட உத்தியோகத்தர், நில அளவையாளர், குளிரூட்டி திருத்துபவர், கணக்காய்வாளர் என்றெல்லாம் ஆட்கள் இருப்பதே தெரியாத பிள்ளை, அதற்காகப் படிப்பது எப்படி?

தரம் 9 முடியும்போது ஒரு தெரிவு வருகிறது. தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், வரலாறு, சமயம் ஆறும் எல்லோருக்கும் உண்டு. மீதி மூன்றை மூன்று தொகுதிகளிலிருந்து பிள்ளை தெரிவுசெய்யவேண்டும் என்பது விதி. நடைமுறையில் பிள்ளை தெரிவதில்லை, பாடசாலையில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அந்தப் பாடம் தெரிவாகிறது. தகவல் தொழில்நுட்பத்துக்கு ஆசிரியர் இல்லாவிட்டால் அந்தப் பாடமும் இல்லை. ‘அந்தப் பாடம் எனக்கு வேண்டும், அதற்கு ஆள் போடுங்கள்’ என்று கேட்பதற்குப் பெற்றோருக்கு அது எதற்கு உதவும் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே பிள்ளையைத் தரம் 8இல், கடைசியாக 9இல், வெளியே அழைத்துப் போகவேண்டும். அதற்குப் பிறகு போவதும் நல்லதுதான், ஆனால் பாதிக் கதவு அடைபட்ட பிறகு போகிறோம்.

தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’ என்றொரு திட்டம் தொடங்கினார்கள். அதில் ஒரு பகுதி, அரசுப் பள்ளிப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரைப் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் களப்பயணமாக அழைத்துப் போவது. நல்ல வேலை. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்து சேரும் பிள்ளைகள் கூட்டமாக இருப்பதால் அந்த வகுப்பில் தொடங்க முடிகிறது. நம் தோட்டங்களில் உயர்தர வகுப்புக்காகக் காத்திருந்தால் பஸ்ஸில் பாதி ஆசனம் காலியாக இருக்கும்.

சரி, எங்கே போவது? பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் இருக்கும் நாம் வீட்டு வாசலிலேயே ஒரு விடயத்தைக் கவனிக்காமல் இருக்கிறோம். பசறையிலும் லுணுகலையிலும் நாம் தினமும் கடக்கும் ஏ5 வீதி பேராதனையில் தொடங்குகிறது. கம்பளை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று வந்து செங்கலடிச் சந்தியில் முடிகிறது. தொடங்கும் இடத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம். முடியும் இடத்துக்குப் பக்கத்தில், வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகம். நடுவில் நம் தோட்டங்கள். 1977இலும் 1983இலும் அடிபட்ட நம் சனங்களில் ஒரு பகுதியினர் வடக்கு, கிழக்குப் பக்கம் போய்க் குடியேறினார்கள். பதுளைப் பக்கத்தவருக்குக் கிழக்கே இறங்கும் வீதி இதுதான். அன்றைக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிய வீதியில், இன்றைக்குப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கலாம்.

நம் மாவட்டத்திலேயே பல்கலைக்கழகம் இருக்கிறதே என்பார்கள். உண்மை. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையில் 2005 முதல் இருக்கிறது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு உண்டு. இதைத் தோட்டத்தில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். ஐந்து தலைமுறையாகக் கொழுந்து எடுக்கும் வீட்டுப் பிள்ளைக்குத் தேயிலையில் பட்டம் உண்டு என்ற செய்தியே வந்து சேரவில்லை. அங்கும் கட்டாயம் போகவேண்டும், அது ஒரு நாளில் போய்வரக்கூடிய இடம். ஆனால் முதல் பயணம் மட்டக்களப்புக்கு என்று நாம் சொல்வதற்குக் காரணம் மொழி.

நம் பிள்ளை பஸ் ஏறி டவுனுக்கு வந்தால் வங்கி, ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம், பொலிஸ் எல்லா இடத்திலும் வேறு மொழி. தமிழில் சேவை பெறும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, கவுன்டரில் இல்லை. தாய் தகப்பன் ஒரு படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது எழுதித் தரமாட்டார்களா என்று வாசலில் நிற்பதைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். அரசாங்க நாற்காலியில் தன் மொழி பேசுகிறவர் உட்கார்ந்திருப்பதை அவர்கள் கண்டதே இல்லை, பாடசாலை ஆசிரியரைத் தவிர. நாமே டீச்சர் என்ற பதிலுக்குக் காரணமாகிவிட்டோம் என்று சக ஆசிரியர்கள் பகிடி பண்ணுவார்கள். மட்டக்களப்பில் பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் இருக்கிறது. வங்கிக்காரி, தாதி, விரிவுரையாளர், கிராம உத்தியோகத்தர் எல்லோரும் தமிழில் பேசுகிறார்கள். பெரியவர்களுக்கு இது சின்ன விடயமாகப் படலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்படியல்ல.

நாம் தரம் 8, 9 பிள்ளைகளோடு போனோம். விடிய நான்கு மணிக்கு பஸ் புறப்பட்டது. பிபிலை தாண்டும்போதே சுவெட்டரைக் கழற்றினார்கள். மகாஓயாவுக்கு அப்பால் மலை பின்னால் போய்விட்டது, இரண்டு பக்கமும் காடும் வயலும். கரடியனாறு வந்ததும் ஒரு பையன், “சார், இங்க மேடே இல்லையே, தண்ணி எப்படி ஓடுது?” என்று கேட்டான். மலையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது நியாயமான கேள்வி. குளத்து நீர்ப்பாசனம் பற்றிப் புத்தகத்தில் இரண்டு வருடமாகப் படிப்பித்தது அந்த இடத்தில்தான் அவனுக்குப் பாடமாயிற்று. எட்டு மணிக்குச் செங்கலடிச் சந்தி.

வந்தாறுமூலையில் பிள்ளைகளுக்குப் பெரிதாகப் பட்டது கட்டடங்களல்ல. 1981 ஓகஸ்டில் ஒரு பாடசாலை வளவில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 ஒக்டோபரில் முழுப் பல்கலைக்கழகமானது என்று சொன்னோம். 1990இல் அந்த வளவு அகதி முகாமாக இருந்தது, செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேர் திரும்பவில்லை என்பதையும் சொன்னோம். அப்படிப்பட்ட இடத்தில் மறுபடி வகுப்பு நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும். ஆனால் அவர்களைப் பிடித்து நிறுத்தியது, மரத்தடியில் உட்கார்ந்திருந்த மாணவி ஒருத்தி. மடூல்சீமைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, விவசாய பீடத்தில் இரண்டாம் வருடம். “நானும் லயத்துலதான் இருந்து வந்தேன்” என்று அவள் சொன்னதும் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நாமும் விரிவுரையாளரும் அரை மணித்தியாலம் சொல்லியும் வராத கேள்விகள் அப்போதுதான் வந்தன.

“அக்கா, படிக்கிறதுக்கு மாசம் எவ்வளவு கட்டணும்?” கல்விக் கட்டணம் இல்லை என்றதும் யாரும் நம்பவில்லை. “சோறு யாரு போடுவாங்க?” “ஹொஸ்டல்ல குளிக்க சுடுதண்ணி இருக்கா?” “இங்கிலீசு தெரியாம வந்தா ஏசுவாங்களா?” “வீட்டுக்குப் போகணும்னு அழுதீங்களா?” அழுதேன் என்றாள். மகாபொல என்றால் என்ன, முதல் மாதம் கையில் எவ்வளவு வேண்டும், விஞ்ஞானம் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும்போது எப்படி இருந்தது எல்லாம் சொன்னாள். சும்மா ஆறுதல் சொல்லவில்லை, முதல் வருடம் கஷ்டம் என்றே சொன்னாள். எந்தக் கையேட்டிலும் இந்தப் பதில்கள் இல்லை.

பகலுக்குப் பிறகு கல்லடி. விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதம், நடனம், நாடகம், ஓவியம் பட்டப்படிப்பாகவே உண்டு. உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையும் பார்ப்பார்கள். காமன் கூத்தில் வேஷம் கட்டும் வீட்டுப் பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர்! ‘கூத்தாடி என்ன பண்ணப் போறே’ என்று அடி வாங்கிய ஒருவன் அன்றைக்கு மத்தளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. விபுலாநந்த அடிகளைப் பற்றி ஒரு செய்தியையும் சொல்லி வைத்தோம். யாழைப் பற்றிப் பெரும் நூல் எழுதிய அவர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா படித்தவர். கலையா விஞ்ஞானமா என்று பதின்மூன்று வயதில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட வேண்டியதில்லை.

தொழில்நுட்பக் கல்லூரியைப் பற்றி அதிகம் எழுத இடமில்லை, ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு உண்மையில் கைகொடுக்கப் போவது அதுதான். எல்லோருக்கும் பல்கலைக்கழகம் கிடைக்காது. மின்னிணைப்பு, காய்ச்சி ஒட்டும் வேலை, மோட்டார் திருத்தம் என்று ஒரு தொழிலை என்.வி.கியூ. சான்றிதழோடு கற்றவனுக்கும், புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவனுக்கும் முப்பது வயதில் உள்ள வித்தியாசத்தைத் தோட்டத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சான்றிதழில் மேலே ஏறினால் ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம் என்பது பெற்றோருக்குச் செய்தி. தாழங்குடாவில் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரிக்கு நேரம் போதவில்லை. ஒரு நாளில் இரண்டு இடத்துக்கு மேல் வைத்தால் பிள்ளைகள் பஸ் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள்.

மாலையில் வாவிக்கரையில் உட்கார்ந்தோம். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவி அது. வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு முதியவர், “எங்கிருந்து வாறீங்க மகள்?” என்று கேட்டார். லுணுகலை என்றதும், “எங்கட பிள்ளைகளும் அந்தப் பக்கம் படிப்பிக்க வந்திருக்காங்க” என்றார். உண்மைதான், நம்மில் எத்தனையோ பேருக்கு முதலில் எழுத்தறிவித்தவர் மட்டக்களப்பு ஆசிரியர். மீன் குறைந்து போனதையும், தோணிக்கு வாங்கிய கடனையும், மகன் மத்திய கிழக்குக்குப் போனதையும் அவர் சொல்லச் சொல்ல, கூட வந்த தாய்மார் தலையாட்டினார்கள். மட்டக்களப்பும் பதுளையும் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய 16 மாவட்டங்களின் பட்டியலில்தான் இரண்டும் இருக்கின்றன. மேட்டுக்குடிப் பிள்ளைகளைப் பார்க்க நாம் கீழே இறங்கவில்லை.

திரும்பி வந்த பிறகு எழுந்த எதிர்ப்பையும் எழுதவேண்டும். அது வெறும் முணுமுணுப்பல்ல. மூத்த தோழர் ஒருவர், “ஆசை காட்டிட்டு வந்திட்டீங்க, இங்க கணக்குப் படிப்பிக்க ஆள் எங்கே?” என்றார். அவர் சொல்வது சரி. உயர்தர விஞ்ஞானம் உள்ள தமிழ்மொழிப் பாடசாலைக்கு நம் பிள்ளை எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது! தாதியர் பயிற்சிக்கு விஞ்ஞானப் பிரிவு வேண்டும், விஞ்ஞானப் பிரிவுக்குச் சாதாரண தரக் கணிதம் வேண்டும், கணிதத்துக்கு ஆசிரியர் வேண்டும். மாதம் 6,000 ரூபாவுக்கு ஆசிரிய உதவியாளர் என்ற பெயரில் ஆட்களை எடுத்து வகுப்பை நிரப்பிய காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாம், ஆசிரியர் பற்றாக்குறை என்றால் என்ன என்று யாரும் நமக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பயணம் போய்வந்த பிறகு அடுத்த பெற்றோர் கூட்டத்தில் என்ன நடந்தது என்றால், கொழுந்து மலையிலிருந்து நேராகக் கூடையோடு வந்த தாய்மார் மூன்று பேர் எழுந்து, கணித ஆசிரியர் எப்போது வருவார் என்று கேட்டார்கள். அதற்கு முன் அந்தக் கூட்டங்களில் சப்பாத்து வவுச்சரைப் பற்றி மட்டுமே பேச்சு.

இரண்டாவது எதிர்ப்பை யாரும் உரக்கச் சொல்வதில்லை. பிள்ளைகள் எல்லாம் படித்து வெளியே போனால் மலையில் யார், சந்தா யார் கட்டுவது? தொழிலாளர் தொகை வருடா வருடம் குறைகிறது, சங்கங்கள் எல்லாவற்றுக்கும் இந்தப் பயம் உண்டு. பிள்ளையை மலையில் நிறுத்தி வைத்தால்தான் சங்கம் பிழைக்கும் என்று நினைப்பது துரையின் கணக்கு, அது நம் கணக்காக இருக்கக்கூடாது. அதுவும் போக, பிள்ளைகள் இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். தொழில் கற்று, உரிமை தெரிந்து போகிறார்களா, வெறுங்கையோடு போய்ச் சங்கமே இல்லாத கடைகளில் பதினான்கு மணித்தியாலம் நிற்கிறார்களா என்பதைத்தான் நாம் தீர்மானிக்க முடியும்.

இதோடு சேர்ந்த இன்னொரு முடிச்சு வீடு. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது பேர் போடாவிட்டால் காம்பராவைக் கேட்பார்கள் என்ற பயத்தில், நன்றாகப் படிக்கும் மூத்த பெண்ணைக் கொழுந்துக்கு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. ஏழு பேர்ச்சஸ் காணிக்கும் உறுதிப்பத்திரத்துக்கும் நாம் நடத்தும் போராட்டம் பிள்ளைகளின் படிப்புக்கு வெளியே உள்ள விடயம் அல்ல.

இனிச் செலவு. பஸ் வாடகைதான் பெரிது. பிள்ளைகளிடம் வாங்கினால் மறுபடியும் காசுள்ள பிள்ளை மட்டுமே போகும். முதல் மூன்று இடம் எடுப்பவர்களை மட்டும் கூட்டிப் போவோம் என்று சில அதிபர்கள் சொல்கிறார்கள், அதுவும் நமக்கு உடன்பாடில்லை. முதல் பிள்ளை எப்படியாவது வழி தேடிக்கொள்ளும். கடைசி வாங்கில் இருக்கும் பையனுக்குத்தான் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கும் இடம் தெரியவேண்டும். வகுப்பு முழுவதும் போகவேண்டும். நாம் போன பயணத்தின் செலவைத் தோட்டக் கிளை ஒரு பங்கு, பழைய மாணவர்கள் ஒரு பங்கு, டவுன் கடைக்காரர்கள் ஒரு பங்கு என்று பிரித்தோம். கட்சி மேடைகளுக்கு ஆள் ஏற்ற பஸ் பிடிக்கத் தெரிந்த கிளைகளுக்கு இது முடியாத காரியமல்ல.

தாய்மார் விடயத்தில் சங்கம் நிர்வாகத்தோடு பேசியே ஆகவேண்டும். தரம் 9 பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பத் தகப்பன்மார் தயங்குகிறார்கள். ஐந்தாறு தாய்மார் கூட வந்தால் அந்தத் தயக்கம் போய்விடுகிறது. நம்மோடு வந்த தாய்மார் ஒரு நாள் பேரை இழந்துதான் வந்தார்கள். வருடத்தில் ஒரு நாள், ஒரு பயணத்துக்கு ஆறு தாய்மாருக்கு முழுப்பேர் கொடுப்பதால் எந்தக் கம்பனியும் வங்குரோத்தாகாது. அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இது இடம்பெற வேண்டுமென்று நம் கிளை தீர்மானம் அனுப்பியிருக்கிறது. மற்றக் கிளைகளும் அனுப்பினால்தான் மேசையில் எடுப்பார்கள்.

போக நினைக்கும் கிளைகளுக்கு இரண்டு விடயம். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதிக் கடிதமும், போகும் நிறுவனத்துப் பீடாதிபதிக்கோ பணிப்பாளருக்கோ எழுதும் கடிதமும் ஒரே நேரத்தில் போகவேண்டும். ஒன்று வந்த பிறகு மற்றதை எழுதலாம் என்று இருந்தால் தவணை முடிந்துவிடும். கடிதத்தில், மலையகத்திலிருந்து வந்து அங்கே படிக்கும் மாணவர் இரண்டு பேரையாவது பிள்ளைகளோடு பேச ஒழுங்கு செய்து தரும்படி மறக்காமல் கேளுங்கள். பல்கலைக்கழக விடுமுறைக் காலமா என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.